பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால்

அயல்நாட்டில் பயிலும் மகனையோ மகளையோ காண்பதற்காகப் பெற்றோர் விமானமேறிச் சென்று, பிள்ளை வாழும் ஊரில் சில வாரங்கள் தங்கி, பின்னர் அப்பிள்ளையே வழிகாட்டியாக முன்செல்ல அத்தேசத்தின் நகரங்களையும் அருவிகளையும் ஆலயங்களையும் கண்டு திரும்பும் வழக்கம், இன்று தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் வெகு சகஜமாகிவிட்டது. சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாயிலில், புடவைக்கு மேல் கம்பளிச் சட்டையும் காலில் புதிய பூட்ஸும் அணிந்த தாய்மாரையும், கழுத்தில் தொங்கும் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் தந்தையரையும் காணாத இரவு அரிது. பார்ப்பவருக்கு அது உல்லாசப் பிரயாணமாகத் தோன்றலாம். ஆனால் அதன் பூர்வ சரித்திரத்தை ஆராயுமிடத்து, வயது முதிர்ந்த தாய்தந்தையரை யாத்திரைக்கு அழைத்துச் செல்வது பிள்ளையின் கடமை என்று நம் சமூகம் நெடுங்காலமாகப் போற்றி வந்த ஒரு தர்மமே, கடலாலும் சாஸ்திரத்தாலும் சர்க்கார் சட்டங்களாலும் தடைப்பட்டுக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு மண்ணில் மீண்டும் தலையெடுத்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தத் தர்மம் எவ்வளவு சிரமங்களுக்கிடையே அனுஷ்டிக்கப்பட்டது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அருமையான சாட்சியம் உண்டு. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி என்பவர், 1830 மே மாதம் 18-ஆம் தேதி, தாயாரும் மனைவியாரும் பெரியதொரு பரிவாரமும் உடன்வரக் காசிக்குப் புறப்பட்டார். திரும்பி வந்து சேர்ந்தபோது 1831 செப்டம்பர் பிறந்திருந்தது. ரயில் பாதை இத்தேசத்தில் எட்டிப் பார்க்காத காலம். வழியில் எந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே கடைகள் உண்டு, எந்தச் சாவடியில் சுங்கம் கேட்பார்கள் என்பதையெல்லாம் அவர் தம் நண்பருக்குத் தெலுங்கில் எழுதி அனுப்பிக்கொண்டே சென்றார். அவையே 1838-இல் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்னும் பெயரில் அச்சேறின. தாயை உடனழைத்துக்கொண்டு பதினைந்து மாதம் நடந்த அந்த யாத்திரையில், நாள்தோறும் சோறு எங்கே, நிழல் எங்கே, இராத் தங்குமிடம் எங்கே என்ற கவலை மகனுடையதாக இருந்தது. இந்தக் கவலையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதை வேறொரு தேசத்தில் சந்திக்கப் போகிறோம்.

ரயில் வந்த பிறகு காசி சில நாள் தூரமாயிற்று. உத்தியோகம் கிடைத்த மகன், முதல் சேமிப்பைக் கொண்டு தாய்தந்தையரைக் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் அழைத்துச் செல்வது குடும்பத்துக்கே கௌரவமான காரியம் என்று கருதப்பட்டது. ஆனால் அதே காலத்தில்தான், கல்வியின் பொருட்டுக் கடல் கடக்கும் பிள்ளைகள் ஒருவரிருவராகத் தோன்றினர். சமுத்திரப் பிரயாணத்தைப் பாதகங்களில் ஒன்றாகப் போதாயன தர்மசூத்திரம் வைத்திருந்தது. சென்று வந்தவர் பிராயச்சித்தம் செய்துகொண்டாலன்றி உற்றார் உறவினர் பந்தியில் சேர்க்கமாட்டார்கள். படிப்பதற்காகப் பிள்ளை போவதையே சமூகம் வேண்டாவெறுப்பாகச் சகித்துக்கொண்டதென்றால், அவனைக் காண்பதற்காகத் தாயொருத்தி கப்பலேறுவது எண்ணத்துக்கும் எட்டாத விஷயமாக இருந்திருக்கும்.

கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் ‘நெவாசா’ என்னும் கப்பலேறினார். அவர் அன்னை கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை என்பதும், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் உத்தரவிட்ட பின்னரே இசைந்தார் என்பதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் கூறும் செய்தி. குடுமி களைந்து ஐரோப்பிய உடை தரித்த கோலத்தில் அவர்கள் தம்மைக் காண நேரக்கூடாதென்றே, புறப்படுவதற்கு முன்னர் தாயையும் மனைவியையும் அவர் கும்பகோணத்துக்கு அனுப்பிவைத்தார். இங்கிலாந்தில் யுத்த காலக் குளிரிலும், மரக்கறி உணவு கிட்டாத கஷ்டத்திலும், நோயிலும் ஐந்தாண்டுகள் கழித்து, 1919 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கியபோது, அவரை எதிர்கொள்ளத் தாயும் தம்பியும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். மகனைக் காண அக்காலத்துத் தமிழ்த்தாய் ஒருத்தி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்தப் பம்பாய்த் துறைமுகமே எல்லை. மகன் நோயுற்று அந்நிய தேசத்து ஆஸ்பத்திரிகளில் கிடந்த மாதங்களில், அவனுக்கு ஒரு கவளம் ரசஞ்சாதம் பிசைந்து கொடுக்க அந்த எல்லையைத் தாண்டிப் போகும் வழி எந்தத் தாய்க்கும் இல்லை.

அதனினும் உருக்கமானது சந்திரசேகரின் கதை. பின்னாளில், 1983-இல், நோபல் பரிசு பெற்ற அந்த வானியல் அறிஞர், 1930 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. அன்னை சீதாலட்சுமி அப்போதே கடும் நோய்வாய்ப்பட்டிருந்தார். இப்ஸனின் ‘பொம்மையின் வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பெருமாட்டி அவர். உறவினர் சிலர் மகனைத் தடுக்க முனைந்தபோதும், போய்ப் படிக்கத்தான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லி அனுப்பியவர் அந்த அன்னையே. மறுவருஷமே அவர் காலமானார். மகன் திரும்பவும் தாய்நாட்டு மண்ணை மிதித்தது 1936-இல். நட்சத்திரங்களின் அந்திம கதியைப் பற்றி அவர் கப்பலில் செய்த கணக்கை உலகம் கொண்டாடுகிறது. அதே கப்பல் ஒரு தாயையும் மகனையும் இவ்வுலகில் இனிச் சந்திக்கவொண்ணாதபடி பிரித்துச் சென்றது என்பதையும் நாம் மறக்கலாகாது.

செல்வமும் துணிவும் ஒருங்கே படைத்தவர்களுக்கு மாத்திரம் வேறு விதி இருந்தது. அலகாபாத்து வக்கீல் மோதிலால் நேரு 1899-இல் ஐரோப்பா சென்று வந்து, பிராயச்சித்தம் செய்துகொள்ளத் திட்டமாக மறுத்துவிட்டார். 1905-இல் மனைவியையும் மகனையும் சின்னஞ்சிறு மகளையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்று, மகன் ஜவாஹர்லாலை ஹாரோ பள்ளியில் சேர்த்தார். 1909-இல், மகன் கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தபோது, தந்தையும் மகனும் சேர்ந்து பெர்லின் சென்றார்கள். கவுண்ட் செப்பெலின் தமது ஆகாயக் கப்பலில் அந்நகருக்குப் பறந்து வந்து இறங்கிய காட்சியை லட்சக்கணக்கான ஜனங்களோடு அவர்களும் கண்டார்கள். தங்கியிருந்த அட்லான் ஹோட்டல் அன்று விருந்தினர் அனைவருக்கும் செப்பெலினின் படம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்ததை, கால் நூற்றாண்டுக்குப் பிறகு சிறைவாசத்தில் சுயசரிதை எழுதியபோதும் ஜவாஹர்லால் நினைவுகூர்ந்தார். அயல்நாட்டில் பயிலும் மகன், பார்க்க வந்த தந்தை, இருவரும் சேர்ந்து கண்ட ஓர் அதிசயம் என்று இன்றைய வழக்கத்தின் லட்சணங்கள் அத்தனையும் அப்பயணத்தில் இருக்கின்றன. ஆனால் அது ஒரு பிரபுவின் வீட்டு நிகழ்ச்சி. பள்ளி ஆசிரியர், தபாலாபீஸ் குமாஸ்தா, தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் ஆகியோர் வீடுகளுக்கு அந்த அனுபவம் வந்துசேர இன்னும் அறுபது எழுபது ஆண்டுகள் ஆயின.

சுதந்திரம் வந்தபின் சாஸ்திரத் தடை மெல்ல மெல்லத் தானாகவே தளர்ந்தது. அந்த ஸ்தானத்தில் அந்நியச் செலாவணித் தடை வந்து அமர்ந்தது. 1947-ஆம் ஆண்டின் சட்டமும், அதனினும் கடுமையான 1973-ஆம் ஆண்டின் சட்டமும், ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி ஒரு டாலரையும் வெளியே கொண்டுபோக விடவில்லை. எட்டு டாலரோடு நியூயார்க்கில் இறங்கினோம் என்று அந்தத் தலைமுறையின் மாணவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். பாஸ்போர்ட்டு என்பதே சர்க்கார் மனமிரங்கி அளிக்கும் சலுகையாகக் கருதப்பட்ட நிலை, 1967 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்த பிறகே மாறியது. அவ்வாண்டே பாஸ்போர்ட்டுச் சட்டமும் பிறந்தது. அதற்கு முன்பே, 1960 மே 14-ஆம் தேதி, ஏர் இந்தியா போயிங் ஜெட் விமானங்களைக் கொண்டு நியூயார்க்குச் சேவையைத் தொடங்கியிருந்தது. ஆக விமானம் இருந்தது. டிக்கெட்டு வாங்கும் சக்தி பெற்றோருக்கு இல்லை. இருந்தவருக்கும் கைச்செலவுக்கு டாலர் இல்லை.

சமுத்திரத்துக்கு மறுபக்கத்திலும் கதவு சாத்தித்தான் இருந்தது. இந்தியர் வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம் என்று 1946-இல் அனுமதித்த அமெரிக்கா, 1965 அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திர தேவியின் சிலை நிற்கும் தீவில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம், தேசவாரியான பழைய ஒதுக்கீட்டு முறையை நீக்கியது. அதன் பலனை அனுபவிக்க ஒரு தலைமுறை தயாராக நின்றது. கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்தும், 1959-இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பெற்ற சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்தும், மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் மேற்படிப்புக்குப் புறப்பட்டனர். படிப்பு முடிந்தபின் அங்கேயே வேலை தேடிக்கொள்ளும் வழியும் அவர்களுக்குத் திறந்தது. அவர்களில் பலர் நாலைந்து வருஷங்கள் ஊர் திரும்பவில்லை. நீலநிற விமானக் கடிதங்கள் மட்டும் பத்துப் பதினைந்து நாட்களுக்கொன்றாக வந்து, ஓரத்து மடிப்பிலும் இடம் விடாமல் நெருக்கி எழுதிய குடும்பச் செய்திகளைச் சுமந்தன.

பெற்றோர் வருகை முதலில் தொடங்கியது மாணவரிடத்தில் அன்று; படிப்பை முடித்து உத்தியோகத்தில் அமர்ந்தவரிடத்தில். பெரும்பாலும் மகளின், அல்லது மருமகளின் பிரசவமே காரணம். மாணவனாக இருக்கும்போதே தாய்தந்தையரை வரவழைப்பதென்பது, வகுப்பெடுக்கும் உதவியாளராகக் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்தவனால் மட்டுமே முடிந்தது. 1991-க்குப் பின் பொருளாதாரத்தின் கட்டுகள் தளர்ந்து, 2000 ஜூன் முதல் புதிய அந்நியச் செலாவணிச் சட்டம் அமலுக்கு வந்து, 2004-இல் தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தபோதுதான், ஓய்வூதியம் பெறும் தந்தையொருவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்தே மகளின் பட்டமளிப்பு விழாவைக் காணப் புறப்படுவது சாத்தியமாயிற்று.

இங்கே விசாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், இந்த யாத்திரையின் முதல் மலைப்படி அதுதான். மாணவனின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சார்ந்தோர் என்ற முறையில் விசா தரும் அமெரிக்கச் சட்டம், மாணவனின் தாய்தந்தையருக்கு அவ்வுரிமையைத் தருவதில்லை. அவர்கள் சுற்றுலா விசா பெற்றே செல்லவேண்டும். 1952-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் 214-ஆம் பிரிவோ, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருபவர் என்றே வைத்துக்கொண்டு, அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையிலேயே சுமத்துகிறது. சொந்த வீடும், தெருமுனைப் பிள்ளையார் கோயிலும், உறவினர் சூழ்ந்த ஊரும் விட்டு வேறெங்கும் ஒரு வருஷம் இருக்க மனமில்லாத பெரியவர்கள், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம், மகனின் பல்கலைக்கழகக் கடிதம், ஆதரவுப் பத்திரம் ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டு, ஜெமினி பாலத்தருகே தூதரக வாசலில் விடியுமுன்னரே வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்கப்படும் இரண்டு மூன்று கேள்விகளில் காரியம் முடிந்துவிடும். கணவருக்குக் கொடுத்து மனைவிக்கு மறுத்த விசித்திரங்களும் நடந்தன. முதுமையில், பெற்ற பிள்ளையைக் காண்பதற்கு, ‘நான் திரும்பி வந்துவிடுவேன்’ என்று ஓர் இளம் அதிகாரியிடம் சத்தியம் செய்து நிற்க வேண்டியிருந்தது மனத்துக்கு வேதனை தருவதே. விசா கிடைத்தால் பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் ஒவ்வொரு தடவையும் தங்குவதற்குச் சாதாரணமாக ஆறு மாதமே.

அப்படிச் சென்றவர்கள் முதலில் கண்டது மகனின் குடித்தனத்தை. மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கெடுத்த அபார்ட்மென்ட். யாரோ விட்டுப்போன மேஜை. தரையில் போட்ட மெத்தை. குளிர்ப்பெட்டியில் பெயரெழுதி ஒட்டிய பால் பாத்திரங்கள். தாய் வந்த அன்றே அறைத்தோழன் தன் அறையைக் காலி செய்து கொடுத்து ஹாலில் படுத்துக்கொள்வான்; பிரதியாக அவனும், அவனைத் தேடி வரும் இன்னும் நால்வரும், அத்தனை வாரங்களும் அவள் கையால் சாப்பிடுவார்கள். ஆந்திரப் பையனும் வங்காளிப் பெண்ணும் அவளை ‘ஆன்ட்டி’ என்றழைத்து, வத்தக்குழம்பு எப்படி வைப்பதென்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக நகரங்களில் தமிழ்ச் சமையல் பரவியதற்கு ஹோட்டல்களைக் காட்டிலும் இந்தத் தாய்மாரே அதிகக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

பிறகு பிரயாணம். கோடை விடுமுறையில், ஆராய்ச்சி வழிகாட்டியிடம் பத்து நாள் அனுமதி பெற்று, மாணவன் தாய்தந்தையருடன் புறப்படுவான். அந்தக் காலத்தில் கார் இல்லாதவனுக்குக் கதி கிரேஹவுண்ட் பஸ். 1914-இல் மின்னெசோட்டாச் சுரங்க ஊர் ஒன்றில் தொழிலாளரை ஏற்றிச்செல்லத் தொடங்கிய அந்தக் கம்பெனி, பின்னர் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 99 டாலரில் 99 நாள் சுற்றும் சலுகைச் சீட்டே விற்றது. கார் வாங்கியவனுக்கோ, ஜனாதிபதி ஐஸன்ஹோவர் 1956-இல் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் வாய்த்தது. மோட்டார் சங்கத்தில் அங்கத்தினனாகச் சேர்ந்தால், போகும் வழியை மட்டும் துண்டு துண்டாக வரைந்து, மையினால் கோடிட்டு, புத்தகமாகக் கட்டிக் கொடுப்பார்கள். முன் இருக்கையில் அமர்ந்த தந்தை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அடுத்த கிளைச்சாலையின் எண்ணை உரக்கப் படிப்பார். மகன் ஓட்ட, தாம் வழி சொல்வதில் அவருக்குண்டான நிறைவு சாமானியமானதன்று. இராத் தங்க மோட்டல்கள். அவற்றில் பல குஜராத்திப் படேல்களின் நிர்வாகத்தில் இருந்தமையால், புடவையுடுத்த தாயைக் கண்டதும் உள்ளிருந்து படேலின் மனைவியும் வந்து, பொதுமொழி இல்லாவிட்டாலும், தேநீர் கொடுத்து உபசரித்த அனுபவம் பலருக்கு உண்டு.

சோற்றுக் கவலைக்கு வருவோம். வீராசாமி காசிப் பாதையில் பட்ட அதே கவலையை ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் மாணவன் பட்டான். நெடுஞ்சாலையோரத்தில் கிடைப்பதெல்லாம் மாமிசமும் மாமிசம் கலந்ததும். தாய் வெளியில் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடமாட்டாள். உருளைக்கிழங்கு வறுவலாவது சாப்பிடலாமே என்று நினைத்தவர்களுக்கும் ஆபத்து இருந்தது. மெக்டொனால்ட்ஸ் அதை நெடுங்காலம் மாட்டுக்கொழுப்பில் பொரித்தது. 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிய பிறகும் அதில் மாட்டிறைச்சிச் சத்து சேர்க்கப்படுவது 2001-இல் அம்பலமாகி, வழக்கு நடந்து, மறு வருஷம் ஒரு கோடி டாலர் அளித்துச் சமரசம் செய்துகொண்டது. அறியாமல் உண்டுவிட்டோமே என்று கலங்கிய பெரியவர்கள் எத்தனை பேர்! ஆகவே கட்டுச்சோறே சரணம். முந்தைய இரவே புளிக்காய்ச்சலில் பிசைந்து அலுமினியத் தாளில் பொட்டலமாக்கிய புளியோதரை, பாலூற்றிப் பிசைந்து உறைகுத்திய தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஊரிலிருந்து சுங்கப் பரிசோதனையைத் தாண்டி வந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவை காரின் பின்புறத்தை நிறைத்தன. மோட்டல் அறையின் மூலையில் மின்சாரக் குக்கர் கொதித்தது. சாலையோர இளைப்பாறு மண்டபங்களில் மர மேஜையில் பழைய பத்திரிகையை விரித்து, மூவரும் உட்கார்ந்து உண்டார்கள். சத்திரம் சாவடிகளில் அமர்ந்து உண்ட நம் முன்னோர் இதைக் கண்டிருந்தால் அந்நியமாக உணர்ந்திருக்கமாட்டார்கள்.

யாத்திரைக்கு உரிய தெய்வமும் அங்கே வந்து சேர்ந்தது. ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்த அழகப்பா அழகப்பன் முதலியோர் 1970-இல் தொடங்கிய சங்கத்தின் முயற்சியால், நியூயார்க்கின் பிளஷிங் பகுதியில் மகா வல்லப கணபதி ஆலயத்துக்கு 1977 ஜூலை 4-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், பிட்ஸ்பர்க்கை அடுத்த பென் ஹில்ஸ் குன்றின் மேல், திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவோடும் இந்தியச் சிற்பிகளின் கைவண்ணத்தோடும் எழுந்த ஸ்ரீ வேங்கடேசுவரர் ஆலயம் பிரதிஷ்டையாகியிருந்தது. மாணவர்களுடைய பிரயாண மார்க்கத்தையே இந்த ஆலயங்கள் மாற்றியமைத்தன. அமெரிக்கர் வகுத்த சுற்றுலாப் பாதையில் பிட்ஸ்பர்க்கிற்கு முக்கியத்துவம் கிடையாது. அது உருக்காலை நகரம். தமிழ்ப் பெற்றோரின் பாதையிலோ அது தவிர்க்கமுடியாத ஸ்தலமாயிற்று. வாஷிங்டனில் வெள்ளை மாளிகை, பிட்ஸ்பர்க்கில் பெருமாள், அங்கிருந்து வடக்கே நயாகரா என்று ஒரு கிரமம் தானாகவே ஏற்பட்டு, ஒரு குடும்பத்தைப் பார்த்து மற்றொரு குடும்பம் பின்பற்றும் சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. பிட்ஸ்பர்க் கோயிலின் புளியோதரையும் தயிர்சாதமும் பிளஷிங் கோயிலின் கீழ்த்தளத்துத் தோசையும் பெற்ற கீர்த்தி, அவற்றை உண்டவர்கள் எத்தனை நூறு மைல் பசியோடு வந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு நன்கு விளங்கும்.

பெற்றோர் எல்லாரும் நயாகராவையே ஏன் முதலில் கேட்கிறார்கள் என்று மாணவர்கள் வியப்பதுண்டு. பள்ளிக்கூடத்துப் பூகோள பாடத்தில் படித்த பெயர் என்பது ஒரு காரணம். மணியன் போன்றோர் தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதிய பிரயாணத் தொடர்கள் வெளிநாட்டுக் காட்சிகளின்மீது உண்டாக்கிய ஆசை இன்னொரு காரணம். ஆனால் அதைவிட ஆழமான காரணம், விழும் நீரை நம்மவர் தீர்த்தமாகக் காண்பதே. குற்றாலத்தில் நின்று பழகிய உடம்பு, வேலிக்கப்பால் விழும் அவ்வளவு பெரிய வெள்ளத்தைக் கண்டதும், அது எந்த நாட்டு நதி என்று கேட்பதில்லை. கைகள் தாமாகக் குவிகின்றன. 1846-இல் முதன்முதலாக ஓடத் தொடங்கிய ‘மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்’ படகில் நீலநிற மழைச்சட்டை போர்த்து ஏறிச்சென்று, முகத்தில் தெறிக்கும் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் தாய்மாரை இன்றும் காணலாம். அமெரிக்கக் கரையிலுள்ள பூங்கா, 1885-இலேயே பொதுஜனங்களுக்கென்று அரசு கையகப்படுத்திக் கொடுத்ததாகையால், நுழைவுக் கட்டணம் இல்லை. மாணவனின் பணப்பைக்கு அது பெரிய உபகாரம். குதிரைலாட வடிவான பேரருவியின் பெரும்பகுதியும், அதை நேரெதிரே நின்று காணும் வசதியும் கானடாவின் கரையில் இருக்கின்றன. நடுவே 1941-இல் கட்டிய வானவில் பாலம். கானடாவுக்குத் தனி விசா வேண்டுமாகையால், பாலத்தின் இப்பக்கத்திலேயே நின்று, அந்தப் பக்கத்து விளக்குகளைக் காட்டி, ‘அங்கிருந்து பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், அப்பா, அடுத்த தடவை கட்டாயம் போகலாம்’ என்று சொன்ன மாணவர்கள் அநேகர்.

இப்பிரயாணத்தில் குடும்பத்தின் முறைவைப்பே தலைகீழாகிறது என்பதையும் குறிப்பிடவேண்டும். சாலையைக் கடக்கையில் பிள்ளையின் கையைப் பிடித்தவர், இப்போது பிள்ளை சமிக்ஞை காட்டும் வரை காத்து நிற்கிறார். நாற்பதாண்டு ஆபீஸில் ஆங்கிலத்தில் கடிதம் வரைந்த தந்தைக்கு, சான்ட்விச் கடைப் பெண் என்ன கேட்கிறாள் என்பது புரியவில்லை. மகள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லிவிடுகிறாள். டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துத் தாய், தனக்கு ஒன்றும் வேண்டாமென்கிறாள். இதில் மனத்தாங்கல்கள் உண்டாவதும் உண்டு. பத்து நாள் ஒரே காரிலும் ஒரே அறையிலும் இருப்பவர்களிடையே உரத்த வார்த்தைகள் எழுவதும் உண்டு. ஆயினும் கடிதத்திலும் தொலைபேசியிலும் சொல்லாத விஷயங்கள் அந்த நீண்ட சாலைகளில்தான் பேசப்படுகின்றன. மகன் ஊர் திரும்பப் போவதில்லை என்பதைத் தந்தை அறிந்துகொள்வதும், ஒரு கல்யாணப் பேச்சுக்கு மகள் தன் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிப்பதும், முன்னே பார்த்தபடி, முகத்தை முகம் நோக்காமல், காருக்குள்ளேதான் நிகழ்ந்திருக்கின்றன.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வசதி எத்தனை எளிதில் பறிபோகக்கூடியது என்பதைக் கோவிட் காட்டிற்று. 2020 மார்ச்சில் இந்தியா அந்நிய விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. தூதரகங்கள் விசா வழங்குவதை நிறுத்தின. முறையான விமான சேவை முழுவதும் திரும்ப 2022 மார்ச்சு ஆயிற்று. பட்டமளிப்பு விழாக்கள் கணினித் திரையில் நடந்தன. அதன் பின்னும் சுற்றுலா விசா நேர்காணலுக்குப் பல நூறு நாட்கள் காத்திருக்க நேர்ந்தமையால், மகன் பட்டம் பெற்று ஊர் மாறிய பின்னரே பெற்றோருக்கு நாள் கிடைத்தது. அந்த இரண்டாண்டுகளில், தாய்தந்தையர் இறுதிக்காலத்தில் உடனிருக்க முடியாமற்போன பிள்ளைகளும் உண்டு. தொண்ணூறு வருஷங்களுக்கு முன் கேம்பிரிட்ஜில் ஓர் இளைஞர் அனுபவித்த துயரம் அது.

வாசகர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. இந்த யாத்திரை சென்று வந்த பெரியவர்களில் பலர் நோட்டுப் புத்தகத்தில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இத்தனை மணிக்குப் புறப்பட்டோம், பெட்ரோலுக்கு இவ்வளவு ஆயிற்று, இந்த ஊரில் இன்னார் மகன் வீட்டில் சாப்பிட்டோம், குளிருக்கு இரண்டு கம்பளி போதவில்லை என்று அவர்கள் எழுதிவைத்த சிறு விஷயங்கள்தாம் நாளைய சரித்திர ஆசிரியனுக்கு ஆதாரம். சிலர் அவற்றைச் சொந்தச் செலவில் சிறு நூல்களாக அச்சிட்டு உறவினருக்கு விநியோகித்துமிருக்கிறார்கள். அவை இப்போது பரணிலும் பழைய தாள் கடையிலும் மறைந்து வருகின்றன. நூறாண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் பிரயாணக் கட்டுரைகளை ஏ.கே. செட்டியார் தேடித் தேடிச் சேகரித்து 1968-இல் நூலாக வெளியிட்டிராவிட்டால், நம் முன்னோர் எப்படிப் பிரயாணம் செய்தார்கள் என்பதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். உங்கள் வீட்டிலும் அத்தகைய நோட்டுப் புத்தகம் இருக்குமாயின், அதை எறிந்துவிடாதீர்கள். எழுதியவரின் பெயரையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் குறித்து, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றதொரு ஸ்தாபனத்துக்கு ஒரு பிரதியேனும் கொடுத்துவையுங்கள்.